செமி-சப் பாலஸ்ட் கன்ட்ரோல் ரிஃப்ரெஷர்: சிமுலேட்டரில் உட்காரும் முன் எதையெல்லாம் தூசு தட்டுவது?

நீர்மட்டம்22:

வணக்கம். அடுத்த மாதம் செமி-சப்மெர்சிபிள் (பாதி முழுகி மிதக்கும் துளையிடும்) ரிக்குக்கான ஸ்டெபிலிட்டி, பாலஸ்ட் (சமநிலைக்கு டேங்க்குகளில் ஏற்றி இறக்கும் தண்ணீர்) கன்ட்ரோல் ரிஃப்ரெஷர். மூன்று நாள், அதில் பாதி சிமுலேட்டர். வேலை பிசிஓ, அதாவது பாலஸ்ட் கன்ட்ரோல் ஆபரேட்டர். தினசரிக் கணக்கை லோடிங் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்துவிடுவதால் கையால் போடும் பழக்கம் விட்டுப்போயிற்று. மூன்று சந்தேகங்கள்.

ஒன்று, ஃப்ரீ சர்ஃபேஸ் (பாதி நிரம்பிய டேங்க்கில் தண்ணீர் அலைந்து நிலைப்பைக் குறைப்பது). கையால் போட்டால் எவ்வளவு வரும், எப்போது பயப்பட வேண்டும்?

இரண்டு, காரணம் தெரியாமல் லிஸ்ட் (பக்கச் சாய்வு) ஏறினால் முதல் சில நிமிடங்களில் என்ன வரிசை? "உடனே எதிர்ப்பக்கம் தண்ணீர் ஏற்று" என்று ஒருவர் சொல்கிறார். "தொடவே தொடாதே" என்கிறார் இன்னொருவர்.

மூன்று, வால்வு பேனல் செத்துவிட்டால்?

ரிக்கில் இருப்பவர்கள் எண்ணோடு சொன்னால் நல்லது.

---

தூண்நான்கு:

முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கற்பனையாக ஒரு ரிக்கைக் கட்டிக்கொண்டால் எண்கள் மனதில் நிற்கும்.

இரண்டு பான்டூன்கள் (அடியில் இருக்கும் நீள மிதவைகள்). ஒவ்வொன்றும் 95 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம். மேலே நான்கு தூண்கள், 12-க்கு 12 சதுரம். தூண் மையம் நடுக்கோட்டிலிருந்து 28 மீட்டர். ஆபரேட்டிங் டிராஃப்ட் (தண்ணீருக்குள் இருக்கும் ஆழம்) 20 மீட்டர், டிஸ்ப்ளேஸ்மென்ட் (விலக்கும் நீரின் எடை, அதாவது ரிக்கின் மொத்த எடை) 32,000 டன்.

நீர்க்கோட்டை வெட்டுவது நான்கு தூண்கள் மட்டும். பரப்பு 576 சதுர மீட்டர். டிராஃப்ட் 1 செ.மீ. மாற 5.9 டன் போதும். இதைக் கப்பல்காரர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். சப்ளை போட்டிலிருந்து 100 டன் பாரைட் (துளையிடும் சேற்றுக்கான கனிமப் பொடி) ஏற்றினால் ரிக் 17 செ.மீ. இறங்கிவிடும்.

தூண்களின் குறுக்கு இனர்ஷியா 4 × (144 × 28² + 12⁴ ÷ 12) = 4,58,496 மீ⁴. கன அளவு 31,220 கன மீட்டர். வகுத்தால் பிஎம் (மிதப்பு மையத்திலிருந்து மெட்டாசென்டரின் உயரம்; சாயும்போது மிதப்பு விசை நடுக்கோட்டை வெட்டும் புள்ளிதான் மெட்டாசென்டர்) 14.69 மீட்டர். கேபி (கீல் என்ற அடிமட்டத்திலிருந்து மிதப்பு மையம்) 6.21. ஆக கேஎம் (கீலிலிருந்து மெட்டாசென்டர்) 20.90. கேஜி 17.60 என்று வையுங்கள் (கிலோகிராம் இல்லை, கீலிலிருந்து ஈர்ப்பு மையத்தின் உயரம், புதுப் பையன்கள் தமிழில் எழுதினால் குழம்புகிறார்கள்). கேஎம்மிலிருந்து அதைக் கழித்தால் திட ஜிஎம் (ஃப்ரீ சர்ஃபேஸ் சேர்க்காத நிலைப்பு அளவு) 3.30 மீட்டர்.

இப்போது டேங்க். பான்டூனின் முழு அகலத்துக்கும் 20 மீட்டர் நீள டேங்க் ஒன்று பாதி நிரம்பியிருக்கிறது. நீளம் × அகலம் முப்படி ÷ 12 என்றால் 20 × 4,096 ÷ 12 = 6,827. கடல்நீர் அடர்த்தி 1.025-ஆல் பெருக்கி 32,000-ஆல் வகுத்தால் 0.22 மீட்டர். ஒரே டேங்க் ஜிஎம்மில் 22 செ.மீ. தின்கிறது. பான்டூனுக்கு ஒன்றாக இரண்டு ஸ்லாக் (முழுதாக நிரம்பாத டேங்க்) என்றால் 0.44 போய் ஜிஎம் 2.86. ஐந்து ஸ்லாக் என்றால் 2.2-க்கு வந்துவிடும். அதே டேங்க்கில் நடுவே நீளவாக்கில் ஒரு பல்க்ஹெட் (தடுப்புச் சுவர்) இருந்து 8 மீட்டராகப் பிரிந்திருந்தால் இழப்பு 5.5 செ.மீ. மட்டும், கால் பங்கு.

பயிற்சியில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. டேங்க்கில் தண்ணீர் குறைவாக இருந்தால் ஃப்ரீ சர்ஃபேஸும் குறைவு என்று நினைப்பது ஒன்று. தண்ணீர்ப் பரப்பு கூரையையோ தரையையோ தொடாத வரை 30 சதவீதமும் 70 சதவீதமும் ஒன்றுதான். பான்டூன் அடியில்தானே இருக்கிறது, அதனால் பாதிப்பு கம்மி என்பது இன்னொன்று. டேங்க் எந்த உயரத்தில், எந்தப் பக்கம் என்பது இந்தத் திருத்தத்தில் வரவே வராது.

2.86 ஜிஎம்முக்கு 1° சாய்க்கத் தேவையான திருப்புவிசை 32,000 × 2.86 × டேன் 1° = ஏறக்குறைய 1,600 டன்-மீட்டர். 50 டன் டியூபுலரை (துளைக் குழாய்களை) டெக்கில் 40 மீட்டர் குறுக்கே நகர்த்தினால் 2,000 டன்-மீட்டர், அதாவது 1.25°. இந்த ஓர் எண்ணை உங்கள் ரிக்குக்குக் கணக்குப் போட்டுக் கன்சோலில் ஒட்டி வையுங்கள். லிஸ்ட் மாறும்போது "எத்தனை டன் எங்கே போயிருக்கும்" என்பதை அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

எப்போது பயப்படுவது என்றால், தனி ஜிஎம் எண்ணை வைத்து அல்ல. அந்த டிராஃப்டுக்கான அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச கேஜி வளைவை வைத்து. ஃப்ரீ சர்ஃபேஸ் சேர்த்த கேஜி அதற்குள் இருக்க வேண்டும். அந்த வளைவு மோடு கோட் (சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ நகரும் துளையிடும் ரிக்குகளுக்கு வகுத்த தொகுப்பு) நிபந்தனைகளிலிருந்து வருகிறது. தூண் தாங்கும் ரிக்குகளுக்கு, தண்ணீர் உள்ளே புகும் கோணம் வரை நிமிர்த்தும் வளைவின் பரப்பு, காற்று சாய்க்கும் வளைவின் பரப்பைவிடக் குறைந்தது 30 சதவீதம் கூடுதல். ஜாக்-அப் (கடலடியில் கால் ஊன்றும்), கப்பல் வடிவ ரிக்குகளுக்கு 40 சதவீதம். காற்று வேகம் இயல்பு வேலைக்கு 70 நாட், கடும்புயலுக்கு 100 நாட், சேத நிலைக்கு 50 நாட்.

இன்னொன்று, டிரான்சிட்டிலிருந்து (பயணத்துக்கான குறைந்த டிராஃப்டிலிருந்து) இறங்கும்போது பான்டூன் மேல்தளம் முழுகும் கணம். அதற்கு முன் நீர்க்கோட்டுப் பரப்பு 3,040, பின் 576. இந்த ரிக்கில் பிஎம் நூறு மீட்டருக்கு மேலிருந்து 19-க்கு விழுகிறது. அந்த நேரத்தில் பாலஸ்ட் இன்னும் முழுதாக ஏறியிருக்காது, கேஜி உயரத்தில்தான் இருக்கும். சின்ன லிஸ்ட் இருந்தால் ஒரு பான்டூன் முதலில் முழுகும். ரிக்கைச் சமமாக்கிவிட்டு, கிரேனை நிறுத்திவிட்டு அந்த எல்லையைத் தாண்டுங்கள், நடுவில் நிற்காதீர்கள்.

---

ஈரக்கயிறு:

இரண்டாவது கேள்விக்கு வர்றேன். அந்த இரண்டு பேரும் பாதிப் பாதி சரி.

வரிசை இதுதான். ஓடிக்கொண்டிருக்கும் எல்லாத் தண்ணீர் நகர்வையும் நிறுத்து: பாலஸ்ட், டிரில் வாட்டர், ஃப்யூவல், மட் பிட் டிரான்ஸ்ஃபர். வால்வுகளை மூடு, மூடியதா என்று பார். ஓஐஎம் (ரிக்கின் தலைமைப் பொறுப்பாளர்), பார்ஜ் சூப்பர்வைசர், டிரில்லருக்குச் சொல். வாட்டர்டைட் கதவுகள் மூட அறிவிப்பு. கிரேன் நிறுத்தம். பிறகு கடிகாரம், இன்க்ளினோமீட்டர் (சாய்வுமானி), நான்கு மூலை டிராஃப்ட்: மூன்றையும் ஒரே வரியில் நிமிடத்துக்கு ஒரு தரம் எழுது. கையால். ட்ரெண்ட் ஸ்க்ரீன் இருக்கேன்னு விடாதீங்க, கரன்ட் போனால் அதுவும் போகும்.

அந்த எண்கள்தான் காரணத்தைச் சொல்லும்.

லிஸ்ட் ஒரே தாவலில் வந்து நின்றுவிட்டது, சராசரி டிராஃப்ட் மாறவில்லை: எடை நகர்ந்திருக்கு, அல்லது காற்று, கிரேன்.

ஒரே தாவல், சராசரி டிராஃப்ட் குறைந்திருக்கு: எடை போயிருக்கு. நங்கூரச் சங்கிலி அறுந்தது, ரைசர் (கடலடிக் கிணற்றுக்குப் போகும் பெருங்குழாய்) கழன்றது, ஹுக் லோட் (கொக்கியில் தொங்கும் எடை) விட்டது.

நிமிடத்துக்கு நிமிடம் ஏறுது, சராசரி டிராஃப்டும் கூடுது: வெளியிலிருந்து தண்ணீர் வருது.

லிஸ்ட் ஏறுது, சராசரி டிராஃப்ட் அப்படியே: உள்ளுக்குள் டேங்க்கிலிருந்து டேங்க்குக்கு ஓடுது.

பக்கம் மாறி மாறி விழுது, ஆட்டம் மந்தமாகுது: ஜிஎம் தீர்ந்துகிட்டு இருக்கு. ஆட்டத்தின் காலம் ஜிஎம்மின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ். ஜிஎம் பாதியானால் 45 வினாடி ஆட்டம் 64 வினாடியாகும்.

எவ்வளவு நேரம் இருக்குன்னு கேட்டா, 15 மீட்டர் ஆழத்தில் 150 மி.மீ. ஓட்டை ஒன்று, குழாய் உராய்வைக் கணக்கில் எடுக்காமல், மணிக்கு 650 கன மீட்டர் அளவு விடும். தூண்நான்கு சொன்ன ரிக்கில், 28 மீட்டர் தள்ளி இருக்கும் இடத்தில் அது பத்தே நிமிடத்தில் 2°, கூடவே 19 செ.மீ. இறக்கம். அதனால் "முதல்ல முழுசா கண்டுபிடிச்சிட்டு அப்புறம் யோசிப்போம்"னும் உட்கார முடியாது.

திருத்தும்போது முதல் தேர்வு தாழ்ந்த பக்கத்திலிருந்து வெளியே எடுப்பது. உயர்ந்த பக்கத்தில் ஏற்றுவது கடைசி. ஏற்றினால் ரிக் நேராகும், ஆனா முழுசா கீழே இறங்கும். மிதப்புக் கையிருப்பைச் செலவழித்து இன்க்ளினோமீட்டரை அழகாக்குவதுதான் அது. செயின் லாக்கர் (நங்கூரச் சங்கிலி அறை), வென்ட், தூண் உச்சித் திறப்புகள் தண்ணீரைத் தொட ஆரம்பிச்சா கணக்கு முடிஞ்சது. பிரேசிலில் ரொன்காடோர் எண்ணெய் வயலில் பி-36 என்ற செமி-சப்: 2001 மார்ச் 15 வெடிப்பு, 11 பேர் இறப்பு. சாய்வைக் குறைக்க எதிர்ப்புற முன் பக்க டேங்க்குகளில் தண்ணீர் ஏற்றினாங்க. ஆய்வுக்காகத் திறந்து கிடந்த மேன்ஹோல்கள் வழியா தண்ணீர் பரவிக்கிட்டே இருந்தது. 20-ஆம் தேதி மூழ்கிவிட்டது.

ஜிஎம் நெகட்டிவ் ஆகி வந்த சாய்வுக்கு எதிர்ப்பக்கம் ஏற்றினா இன்னும் மோசம். நடுவைத் தாண்டி மறுபக்கம் அதைவிட வேகமா விழும். அங்கே செய்ய வேண்டியது டெக் எடையைக் குறைப்பது, ஸ்லாக் டேங்க்குகளை ஒவ்வொன்றாக முழுக்க நிரப்பி முடிப்பது. அதிலும் தாழ்ந்த பக்க டேங்க்கை முதலில் நிரப்பணும். மனசு எதிர்ப்பக்கம்தான் சொல்லும்.

சிமுலேட்டரில் பரிசோதகர் பார்ப்பது நீங்க எவ்வளவு சீக்கிரம் 0°-க்குக் கொண்டு வந்தீங்கன்னு இல்லை. முதல் பம்பை ஸ்டார்ட் பண்ணும் முன் காரணத்தை வாயால் சொன்னீங்களா என்பதுதான்.

---

கப்பிமுனை:

ஈரக்கயிறு சொன்னதில் ஒரு திருத்தம், ஒரு சேர்க்கை.

திருத்தம்: வால்வை மூடும் முன் பம்ப் நிற்க வேண்டும். ஓடும் பம்பின் எதிரே எல்லா வால்வையும் ஒரே பொத்தானில் மூடினால் பம்ப் மூடிய குழாயைத் தள்ளிச் சூடாகும். குழாயில் தண்ணீர் அடியும் விழும். பம்ப் ஸ்டாப், பிறகு ஆல் க்ளோஸ். இடைவெளி இரண்டு வினாடி.

சேர்க்கை, பேனல் பற்றிய மூன்றாவது கேள்வி. அது "செத்தால்" என்பதைவிட "பொய் சொன்னால்" என்று கேட்டிருக்க வேண்டும். உங்கள் மிமிக்கில் (குழாய், வால்வு வரைபடப் பேனலில்) எரியும் விளக்கு எதைக் காட்டுகிறது? நீங்கள் கொடுத்த கட்டளையையா, வால்வு ஸ்டெம்மில் உள்ள லிமிட் சுவிட்சையா? ரிக்குக்குப் போன முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இது. கட்டளை மட்டும்தான் என்றால், பச்சை விளக்கை நம்பாதீர்கள். டேங்க் லெவல் நகர்கிறதா என்று பாருங்கள்.

ஓஷன் ரேஞ்சர் என்ற செமி-சப்பின் விபத்தை இந்தக் கண்ணால் படியுங்கள். 1982 பிப்ரவரி 14 இரவு, நியூஃபவுண்ட்லாந்துக்குக் கிழக்கே புயல். பாலஸ்ட் கன்ட்ரோல் அறை ஒரு தூணுக்குள் இருந்தது. அதன் வட்டச் சன்னலை அலை உடைத்தது. உள்ளிருந்து மூட வேண்டிய இரும்பு மூடி போடப்படவில்லை. கன்சோலில் உப்புத்தண்ணீர் இறங்கி மின்சுற்று கெட்டது, வால்வுகள் தானாகத் திறந்தன. பிறகு ஆட்கள் சோலினாய்டுகளில் (வால்வை இயக்கும் மின்காந்தச் சுவிட்சுகளில்) பித்தளைக் கம்பிகளைத் திருகி வைத்தார்கள். மின்சாரம் இல்லாதபோது கையால் வால்வைத் திறக்கும் கருவி அந்தக் கம்பி. அதை எப்படிக் கையாள்வது என்ற பயிற்சி யாருக்கும் சரியாகத் தரப்பட்டிருக்கவில்லை. ரிக் முன்பக்கம் சாய்ந்தது. முன் தூண்களின் செயின் லாக்கர்கள் நிரம்பின. 15-ஆம் தேதி அதிகாலை மூழ்கியது. இருந்த 84 பேரும் இறந்தார்கள்.

அதில் இன்னொரு பாடம் பம்ப் இருக்கும் இடம். பம்ப் ரூம் பான்டூனின் பின்முனையில். நம் கற்பனை ரிக்கில் முன் டேங்க் 70 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்தால், 6° முன்சாய்வில் டேங்க் பம்பைவிட 7.3 மீட்டர் தாழ்ந்துவிடும். காற்றழுத்தம் கொள்கையளவில் 10 மீட்டர் தூக்கும். குழாய் இழப்பு போனால் 6, 7 மீட்டர்தான். ஆக, எந்த டேங்க்கைக் காலி செய்ய வேண்டுமோ அதைப் பம்ப் உறிஞ்சாது. அந்த நேரத்தில் மேனிஃபோல்டில் (டேங்க்குகளை இணைக்கும் பொதுக் குழாயில்) பின் டேங்க் வால்வும் முன் டேங்க் வால்வும் சேர்ந்து திறந்திருந்தால் தண்ணீர் புவியீர்ப்பில் முன்னால் ஓடும். சாய்வு இன்னும் கூடும். எனவே ட்ரிம் (முன்பின் சாய்வு) உள்ளபோது ஒரு நேரத்தில் ஒரு டேங்க். சக்ஷன் அழுத்தமானியைப் பாருங்கள். வெற்றிடம் ஏறி டிஸ்சார்ஜ் விழுந்தால் நிறுத்திவிடுங்கள். உங்கள் ரிக்கில் எந்த டேங்க் எத்தனை டிகிரியில் எடுபடாமல் போகும் என்று ஒரு அட்டவணை முன்கூட்டியே வேண்டும். பல ரிக்குகளில் அது இல்லை, கேட்டால் முழிப்பார்கள்.

தண்டர் ஹார்ஸ் என்ற செமி-சப் எண்ணெய்த் தளத்தையும் பாருங்கள். மெக்சிகோ வளைகுடா, 2005 ஜூலை. டென்னிஸ் புயலுக்காக ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோது தளம் 20° அளவில் சாய்ந்து நின்றது. புயல் அடித்ததால் அல்ல. ஹைட்ராலிக் கட்டுப்பாடு போனதும் வால்வுகள் இருந்த நிலையில் நிற்கவில்லை. பில்ஜ் (கசிவுநீர்) பைப்பிங்கில் செக் (ஒருவழி) வால்வுகள் தவறாகப் பொருத்தப்பட்டிருந்தன, சில இல்லவே இல்லை. தண்ணீர் அறை விட்டு அறை நடந்தது. "ஃபெயில் க்ளோஸ்" (சக்தி போனால் தானே மூடிக்கொள்ளும்) என்று வரைபடத்தில் எழுதியிருப்பது ஒரு வாக்குறுதிதான். ஹெச்பியூவை (ஹைட்ராலிக் அழுத்தம் தரும் யூனிட்டை) நிறுத்திச் சோதித்தால்தான் அது உண்மை.

கையால் மூட வேண்டிய நிலை வந்தால்: எந்தச் சோலினாய்டு எந்த வால்வு என்ற பெயர்ப்பலகை, கைப் பம்ப், அதற்கான எண்ணெய், பான்டூன் பம்ப் ரூமுக்கு இறங்கும் வழி, திரும்பி வர ஆகும் நேரம். இது ஐந்தும் தெரியாமல் யாரையும் கீழே அனுப்பாதீர்கள். பிளாக் அவுட்டில் எமர்ஜென்சி ஜெனரேட்டர் வால்வு கட்டுப்பாட்டையும், நிலை காட்டும் கருவிகளையும், பாலஸ்ட் பம்புகளில் பெரியது ஒன்றையும் தாங்க வேண்டும். எந்த பம்ப் என்று முன்னமே தெரிந்திருக்கட்டும்.

---

வின்ச்மேன்:

ஏஎச்டிஎஸ்காரன் (ரிக் நங்கூரங்களைக் கையாளும் கப்பல்காரன்) ஒருத்தன் குறுக்கே வரலாமா? எங்களுக்கு இதில் எது பொருந்தும்?

---

தூண்நான்கு:

தாராளமாக. உங்களுக்குத் தண்ணீரைவிடக் கம்பிதான் ஆபத்து. 4,500 டன் கப்பல், ஜிஎம் 1.0 மீட்டர். நங்கூர லைனின் பக்கவாட்டு இழுப்பு 60 டன், நெம்பு 7 மீட்டர்: 420 டன்-மீட்டர். கீழ்நோக்கிய இழுப்பு 100 டன். அது நடுவிலிருந்து 0.7 மீட்டரில் இருந்தால் மொத்தம் 490, சாய்வு 6°. லைன் டோ பின்னை (லைன் பக்கவாட்டில் ஓடாமல் தடுக்கும் டெக் முளையை) தாண்டி 6 மீட்டருக்கு ஓடினால் மொத்தம் 1,020, சாய்வு 13°. இழுப்பு ஒரு டன்கூட ஏறவில்லை, இடம்தான் மாறியது.

போர்பன் டால்ஃபின் என்ற ஏஎச்டிஎஸ் இப்படித்தான். 2007 ஏப்ரல் 12, ஷெட்லாந்துக்கு மேற்கே ரிக் நங்கூரம் போடும் வேலை. உள் டோ பின்னை இறக்கியதும் சங்கிலி வெளிப்பக்கம் அடித்தது, கப்பல் கவிழ்ந்தது. 15 பேரில் 8 பேர் இறந்தார்கள்.

2020 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ள ஐஎம்ஓ விதிகளின்படி, லைன் இழுப்போடு கூடிய மிச்சப் பரப்பு 0.070 மீட்டர்-ரேடியன், மிச்ச நிமிர்த்தும் நெம்பு 0.2 மீட்டர், இரண்டும் குறைந்தபட்சம். நிலைச் சாய்வு 15°, டெக் விளிம்பு முழுகும் கோணம், அதிகபட்ச நெம்பில் பாதி வரும் கோணம், மூன்றில் சிறியதைத் தாண்டக் கூடாது. ரோல் டேங்க்கை (ஆட்டத்தைக் குறைக்கும் தண்ணீர் டேங்க்கை) நங்கூர வேலையில் காலியாக வையுங்கள், அது சுத்த ஃப்ரீ சர்ஃபேஸ். மாஸ்டர் பார்க்க வேண்டிய அட்டவணை, இழுப்புக்கும் கோணத்துக்குமான அனுமதி எல்லை. அதை வின்ச் டிரைவரும் பார்த்திருக்க வேண்டும்.

---

நீர்மட்டம்22:

நன்றி சார், எல்லோருக்கும். சான்றிதழ் பற்றி ஒன்று: பழைய சான்றிதழில் ஐஎம்ஓ பயிற்சித் தீர்மானம் ஏ.891(21) என்று இருக்கிறது, புதிதில் ஏ.1079(28). செல்லுமா?

அப்புறம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூண்நான்கு ரிக்கில் 350 டன் ரைசர் டென்ஷன் (ரைசரைத் தூக்கிப் பிடிக்கும் இழுப்பு) எமர்ஜென்சி டிஸ்கனெக்டில் (ரைசரை அவசரமாகக் கழற்றும்போது) போகிறது. 350 ÷ 5.9 = 59 செ.மீ. மேலே வரும். டிஸ்ப்ளேஸ்மென்ட் குறைவதால் ஜிஎம்மும் குறையும், சரியா?

---

தூண்நான்கு:

1999-இன் ஏ.891(21)-க்குப் பதிலாக 2013-இல் வந்ததுதான் ஏ.1079(28). எத்தனை வருடத்துக்கு ஒருமுறை ரிஃப்ரெஷர், பழையது செல்லுமா என்பதைக் கொடிநாடும் (ரிக் பதிவான நாடு) உங்கள் கம்பெனியும் முடிவு செய்யும். பயிற்சி மையத்திடம் கேட்காதீர்கள், அவர்கள் புதிதாக எடுக்கத்தான் சொல்வார்கள்.

59 செ.மீ. சரி. ஜிஎம் தவறு. ரைசர் டென்ஷன் டென்ஷனர் உயரத்தில் தொங்கும் எடையாகத்தான் கணக்கில் இருக்கும், 40 மீட்டர் என்று வையுங்கள். அது போனால் (32,000 × 17.60 − 350 × 40) ÷ 31,650 = 17.35. கேஜி 25 செ.மீ. இறங்கிவிட்டது. கேஎம் 20.9-லேயே நிற்கிறது. ஜிஎம் கூடுகிறது.

நங்கூரச் சங்கிலி அறுந்தால் இதற்கு நேரெதிர். அதன் கீழ்நோக்கிய இழுப்பு ஃபேர்லீட் (சங்கிலி ரிக்கை விட்டு வெளியேறும் கப்பி) உயரத்தில் கேஜிக்குக் கீழே உட்கார்ந்திருந்தது; அது போனால் கேஜி ஏறும், கூடவே மூலையில் இருந்ததால் லிஸ்டும் வரும். அதை உங்கள் ரிக்கின் ஃபேர்லீட் உயரத்தோடு போட்டு எழுதுங்கள், பார்க்கிறேன்.